முதல் இலைக்காரர்

எங்கள் மெஸ்ஸுக்கு முதல் ஆளாக வந்து உட்காருகிறவர் ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர். நாகல் நகரில் துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற சின்ன மெஸ் எங்களுடையது. மதியச் சாப்பாடு மட்டும்தான். அடுப்படி என் தம்பியின் ராஜ்ஜியம், பரிமாறுவதும் கல்லாவும் என் பொறுப்பு. பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்தால் வாசலில் கண்டக்டர் நிற்பார், வண்டியை ஏன் இவ்வளவு லேட்டாக எடுக்கிறீர்கள் என்று கேட்கிற முகத்தோடு.

அவர் வேலையை விட்டுவிட்டார், வேலை அவரை விடவில்லை. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, பின்னால் வருகிற என் வாடிக்கைக்காரர்களை அவர்தான் உட்கார வைப்பார். "உள்ள போங்கப்பா, செவத்தோரம் எடம் கெடக்குதுல்ல, எல்லாரும் வாசல்லயே நின்னா எப்படி?" இலை நுனி கிழிந்திருந்தால் இலை திரும்பிவிடும். தண்ணீர் டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். குழம்பு ஊற்றும்போது வாய் பேசாது. டம்ளரால் மேஜையில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து என்று அர்த்தம், இரண்டு தட்டினால் இன்னும் ஊற்று என்று அர்த்தம். பஸ்ஸில் விசில் ஊதிப் பழகிய பழக்கம். சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் வாய் திறக்கும்.

"தாயி, இந்தக் கூட்டுல தேங்கா முத்தலு. ரசம் ஆறிப்போயி கெடக்கு, குடிக்கவா கொடுத்த, கை கழுவக் கொடுத்தியா?"

கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. இலையில் எல்லாம் வைத்து முடிக்கிற வரை விடாமல் செல்போனில் படம் பிடித்துவிட்டு, "சோறு ஆறிருச்சுக்கா, வேற வைங்க" என்கிற இளவட்டங்கள் உண்டு. "பாப்பாவுக்குக் காரமில்லாம கொஞ்சம் குழம்பு" என்று கேட்டு வாங்கி, பாப்பா பார்த்துக்கொண்டிருக்க அப்பாவே ஊற்றிப் பிசைகிற குடும்பங்கள் உண்டு. சித்தையன்கோட்டையிலிருந்து கத்தரிக்காய் மூட்டையோடு வருகிற ஒருவர் "செத்தோண்டு வெஞ்சனம் வைம்மா" என்று சொல்லிச் சொல்லியே பொரியல் வாளியைக் காலி பண்ணுவார். இவர்களையெல்லாம் ஒரு அதட்டு, ஒரு கரண்டி கூடுதல் குழம்பு என்று சமாளித்துவிடலாம். கண்டக்டரிடம் அதட்டலும் எடுபடாது, குழம்பும் எடுபடாது.

தம்பிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "அக்கா, அந்தாளு நாளைக்கும் வந்தாருன்னா நான் கரண்டிய வச்சுட்டுப் போயிருவேன், பாத்துக்க" என்பான். மறுநாள் காலையில் வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பான். இருந்தாலும் அந்தக் கோபம் வெறும் வாய்க்கோபம் இல்லை. எங்கள் அடுப்படியில் ஒரு பழக்கம் உண்டு. முதல் இலைக்குப் போகிற வரையில் சமைத்த எதையும் யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. ருசி பார்த்தால் எச்சில் பட்டதாக ஆகிவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கடை போட்ட பிறகும் அதை விடவில்லை. தம்பி மூக்கால்தான் சமைப்பான். மூடியைத் திறந்து, எழும்புகிற ஆவியைக் கையால் முகத்துப் பக்கம் அள்ளிவிட்டு, கண்ணை மூடி நிற்பான். "உப்பு ஒரு கை வேணும்" என்பான். சரியாக இருக்கும். அப்படிப்பட்டவனிடம் போய் ஒருவர் தினமும் உப்பு, புளி என்று சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? எனக்கே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவரைப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரே கடனே என்று சாப்பிட்டுவிட்டுப் போகிற காலத்தில், ஒரு மனுஷர் கூட்டில் கிடக்கிற தேங்காயோடு அத்தனை உரிமையாகச் சண்டை போடுகிறாரே.

அந்த வருஷம் மழைக்காலத்தில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. கடையைப் பூட்டினோம். காய்ச்சல் விட்டதும் மெலிந்த உடம்போடு அடுப்படிக்கு வந்துவிட்டான். வந்த முதல் நாளே கண்டக்டர், "என்ன தாயி, குழம்புல உப்பே இல்ல? உப்பு விக்கிற கடைக்கு வழி தெரியலையா?" என்றார். மறுநாள் உப்பு கரித்தது என்றார். அதற்கு மறுநாள் புளி பச்சையாக இருக்கிறது என்றார். "காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச பிள்ளண்ணே, கொஞ்சம் வாய அடக்குங்க" என்று நான் சத்தம் போட்டேன். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் சாப்பிட்டார்கள், இலையை மூடினார்கள், போனார்கள். அதில் சிலர் திரும்பி வரவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். பால் தீய்கிற வாடை தெருவரைக்கும் வந்தது. உள்ளே ஓடினேன். பாத்திரம் அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருக்க, அதற்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்று தம்பி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். நான் அடுப்பை அணைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது.

"மூக்கு போயிருச்சுக்கா" என்றான். "காய்ச்சல்லயே போச்சு. நாக்கும் மரத்துக் கெடக்கு. ஒரு வாசமும் இல்ல. சட்டியத் தொறந்தா சூடு மட்டும்தான் வருது."

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதான். பொண்டாட்டி பிள்ளை இருக்கிற ஆம்பிளை. டாக்டரிடம் போனோம். சிலருக்குத் தானாகத் திரும்பும், சிலருக்கு நாளாகும், சிலருக்கு வராமலே போவதும் உண்டு என்றார். திரும்பி வருகிற ஆட்டோவில் தம்பி, "கடைய மூடிருவோம்க்கா. மூக்கில்லாத சமையக்காரன் எதுக்கு?" என்றான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்தாலும் செய்ய மாட்டான். அடுப்பை விட்டால் அவன் ஆளே இருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

வழக்கமாவது ஒன்றாவது என்று மறுநாள் நானே ருசி பார்த்தேன். சாமிக்குப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கினேன். தம்பி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? "நல்லாருக்குலே" என்றேன். ரசம் நல்லாருக்கு. கூட்டு நல்லாருக்கு. பன்னிரண்டு மணிக்குக் கண்டக்டர் வந்து, "குழம்புல காரம் மண்டையப் பொளக்குது, யாரக் கொல்லப் பாக்குறீங்க?" என்றார். அள்ளி ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் நிஜம். பாசம் வைத்த நாக்கு உதவாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஈவு இரக்கம் இல்லாத நாக்கு வேண்டும். அது ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

மறுநாளிலிருந்து கதவைக் கொஞ்சம் முன்னதாகவே திறந்து, அவரை மட்டும் உட்கார வைத்துப் பரிமாறினேன். மற்றவர்களுக்கு இன்னும் வேகவில்லை என்று சொல்லிவிடுவேன். தம்பி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். "உப்பு பத்தல" என்று அவர் வாய் மூடுவதற்குள் உள்ளே அண்டாவில் உப்பு விழும். "புளி தூக்கலு" என்றால் பருப்புத் தண்ணீர் விழும். அடுத்த பந்திக்குப் போகும்போது குழம்பு குழம்பாக இருக்கும். வராமல் நின்றுபோனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் பாவம் பார்ப்பார். பாவம் பார்த்தால் அவர் நாக்கும் என் நாக்கு மாதிரி ஆகிவிடும்.

ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. அவர் என்ன சொன்னாலும் "சரிண்ணே, மாத்திருவோம்ணே" என்று நான் தலையாட்டத் தலையாட்ட, மனுஷருக்குச் சுருதி இறங்கிவிட்டது. எதிர்த்துப் பேச ஆளில்லாமல் எத்தனை நாள்தான் குறை சொல்வது? ஒருநாள் சாப்பிட்டு முடித்து, "பரவால்ல தாயி" என்றார். எனக்குப் பகீர் என்றது. உள்ளே போய் வாயில் விட்டுப் பார்த்தால் ரசத்தில் உப்பே போடவில்லை. மறுநாளும் "நல்லாத்தான் இருக்கு" என்றார். கதவுக்குப் பின்னால் தம்பியின் முகம் செத்துப்போய்விட்டது.

வேறு வழியில்லை, சண்டைக்குப் போனேன். அடுத்த நாள் வேண்டுமென்றே நுனி கிழிந்த இலையைப் போட்டேன். டம்ளரை நங்கென்று வைத்தேன். அவர் நாலு வாய் சாப்பிட்டதும், "என்னண்ணே, வர வர ஒங்க நாக்கு செத்துப்போச்சாமே? எதப் போட்டாலும் திங்கிறீங்கன்னு பாத்திரக்கடையில பேசிக்கிறாங்க" என்றேன். பாத்திரக்கடையில் யாரும் எதுவும் பேசவில்லை.

"யாரு நாக்கு செத்துப்போச்சு?" எழுந்தே நின்றுவிட்டார். "பொரியல்ல கடுகு பொரியவே இல்ல. சாம்பார்ல பெருங்காயத்தக் காணோம். அந்த ரசத்தக் கொண்டா, கொண்டா இங்க!" வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். "இது ரசமா, வெந்நித் தண்ணியா?"

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "சும்மா தொணதொணங்காம சாப்பிடுங்க" என்றேன். உள்ளே பெருங்காய டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அன்றிலிருந்து தினமும் அவரோடு சண்டை போடுவது என் சமையல் வேலைகளில் ஒன்றானது. காலையில் தேங்காய் துருவும்போதே அன்றைக்கு என்ன சொல்லி அவரை உசுப்பலாம் என்று யோசிப்பேன்.

மார்கழி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்த சமயம். கண்டக்டர் இலையில் ரசம் ஊற்றக் குனிந்தேன். அடுப்படியிலிருந்து தம்பி கத்தினான்.

"அக்கா! அந்த ரசத்த ஊத்தாத! பூண்டு கருகிருச்சு!"

கரண்டியோடு அப்படியே நின்றேன். அவன் வாயில் எதையும் வைக்கவில்லை. வைக்க மாட்டான். வாளியைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன். தம்பி தாளிப்புச் சட்டியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மூச்சை இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. கருகின பூண்டு வாடைக்கு அப்படிச் சந்தோஷப்பட்டு அழுத இருவர் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். கண்டக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "கருகினதுக்கா இம்புட்டு அழுக? வேற தாளிச்சுக் கொண்டாங்கப்பா, சோறு காயுது" என்றார்.

அவருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. "அந்தப் பயலுக்கு நாந்தான் சமையல் பழக்கிவிட்டேன், சொல்லிச் சொல்லித் திருத்தினேன்" என்று நாகல் நகர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். பழைய தம்பியாக இருந்தால் கரண்டியோடு தெருவில் இறங்கியிருப்பான். இப்போது யாராவது வந்து சொன்னால், "ஆமாமா, அவருதான்" என்கிறான்.

போன வாரம் மணி பன்னிரண்டு தாண்டியும் கண்டக்டரைக் காணோம். அவர் இடம் தவிரப் பெஞ்சு நிறைந்துவிட்டது. ஆத்தூரிலிருந்து கல்யாண வேலையாக வந்த ஒரு கூட்டம் மேஜையைத் தட்ட ஆரம்பித்தது. கத்தரிக்காய்க்காரர், "ஏம்மா, எல தான போட்டிருக்கு, திங்கிறதுக்கு ஒண்ணுமில்லையா?" என்றார். சோற்றை எடுக்க உள்ளே போனேன். தம்பி அண்டா முன்னால் கரண்டியைப் பிடித்தபடி நின்றான்.

"அவரு வந்துரட்டும்க்கா."

"ஒனக்குத்தான் மூக்கு வந்துருச்சேலே?"

"அதுக்காக? மொத எல அவரோடது."

வெளியே கூச்சல் ஏறியது. ஒருவழியாகக் கண்டக்டர் வந்து சேர்ந்தார், சைக்கிள் பஞ்சராகி வேர்த்துப்போய். பெஞ்சு நிறைய ஆட்கள் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து முறைப்பதைப் பார்த்தார். ஃபேனுக்குக் கீழே காலியாக விட்டிருந்த இடத்தைப் பார்த்தார். போய் உட்கார்ந்தார். தம்பி அடுப்படியை விட்டு வெளியே வந்து தன் கையாலேயே சோறு வைத்துக் குழம்பை ஊற்றினான். கண்டக்டர் டம்ளரால் இரண்டு தட்டு தட்டினார். பிசைந்து ஒரு வாய் வைத்தார். தம்பி நகராமல் நின்றான்.

"சோறு ஆறிப்போச்சேப்பா" என்றார்.

"ஆமாண்ணே" என்றான் தம்பி. "நீங்க லேட்டு."