டீ கொதிக்கும்வரை ஒரு கேள்வி

என் வீட்டுக்காரர் ஜீவனஹள்ளியில் ஆட்டோ ஓட்டுபவர். பெங்களூரில் எந்தச் சந்துபொந்தைச் சொன்னாலும் யாரிடமும் வழி கேட்காமல் கொண்டுபோய் விடுவார். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் போன வருஷம் மூளையில் லேசாக ரத்தம் அடைத்துக்கொண்டது. கை கால் தப்பித்தது, ஞாபகம்தான் மாட்டிக்கொண்டது. பழைய வழிகள் துண்டு துண்டாக வந்தன. காலையில் சொன்னது சாயங்காலம் நிற்கவில்லை. ஆட்டோவைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டுவைத்தேன்.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "தினமும் மூளைக்கு வேலை குடுங்க. புதுசா பாத்தது மனசுல நிக்க ஆரம்பிச்சா கூட்டிட்டு வாங்க. ஓட்டலாமா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்."

என் மகள் போனில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு படத்துக்கு ஜோடிப் படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளிலேயே போனை மெத்தையில் எறிந்தார். "பூனைக்கு ஜோடி தேடவா நான் பொறந்தேன்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப இன்னாதான் செய்வ? சுவத்தப் பாத்துக்கினே குந்தினு இருப்பியா?" என்று கத்திவிட்டு டீ போடப் போனேன். கத்திய வேகத்திலேயே அடுப்படியிலிருந்து கேட்டேன்: "யோவ், இங்கேர்ந்து நீலசந்திராவுக்கு எப்டிப் போவ? சொல்லு பாப்போம்!"

அடடா, நிமிர்ந்து உட்கார்ந்தார்! வலது கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்குவதுபோல் முறுக்கத் தொடங்கியது. காக்ஸ் டவுன் வந்தார், அல்சூர் தாண்டினார், டிரினிட்டி சர்க்கிளில் குழம்பி நின்றுவிட்டார். அதற்குள் டீ பொங்கிவிட்டது. "மீதிய நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டோம். டீ கொதிக்கும்வரை ஒரே ஒரு கேள்வி, அதற்கு மேல் கிடையாது. டீ இல்லாத காலை எங்கள் வீட்டில் ஏது? அதனால் விட்டுப்போக வழியே இல்லை. நான் காய்ச்சலில் படுத்த அன்று அவரே டீயை அடுப்பில் வைத்துவிட்டுக் கட்டில் பக்கம் வந்து நின்றார். "கேள்வி எங்கமே?" காய்ச்சலோடு சிரித்தேன். மனுஷன் வாயாலேயே ஊரைச் சுற்றினார், ஹாரன் அடித்தார், குறுக்கே வந்த பைக்குக்காரனைத் திட்டினார். தப்பான வழி சொன்னால் நானும் விடமாட்டேன். "நிறுத்து, நான் எறங்கிக்கிறேன்" என்பேன்.

போன வாரம் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்கு வழி கேட்டேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய வழி. அவரோ எடுத்த எடுப்பிலேயே எதிர்ப்பக்கம் திரும்பினார். இத்தனை மாதம் பட்ட பாடெல்லாம் போச்சா?

"இன்னாயா, சர்ச் பக்கமாத்தானே போவணும்?"

"அங்க எப்டிமே போறது? பைப்பு போட ரோட்டத் தோண்டி வெச்சிக்கீறாங்க. நேத்து நடக்கப் போனப்போ பாத்தேனே."

நேற்று! நேற்றுப் பார்த்தது இன்றைக்கு நிற்கிறது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டம்மா, "ஏனாயித்து, ஏனாயித்து?" என்று கன்னடத்தில் என்ன ஆச்செனக் கேட்டுப் பதறிக்கொண்டு ஓடி வந்தார். அந்தம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டேன்.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம், வேறொருவர் ஆட்டோவில். இவர் பின்சீட்டின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "லெஃப்ட்ல ஒடி தம்பி, நேராப் போனா மாட்டிக்குவ" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்தார். "நீங்களும் ஆட்டோவாண்ணா?"

இத்தனை நாளும் யார் கேட்டாலும், "அதெல்லாம் முடிஞ்சிபோச்சு" என்றுதான் சொல்லுவார். அன்றைக்குச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆமா தம்பி. லீவுல கீறேன்."

டாக்டர் என்ன சொல்லப்போகிறாரோ, எனக்கு அப்போது தெரியாது. ஆனால் கிளம்பும்போதே அரிசி டப்பாவில் கைவிட்டுச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.