பின்கட்டில் ஒரு போர்ஷன்

நாற்பத்திரண்டாம் வருஷம். மெட்ராஸ்ல ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு ஒரே பீதி. பாதிப் பட்டணம் மூட்டை கட்டிண்டு ஸ்ரீரங்கத்துல வந்து இறங்கிடுத்து. எங்க சித்திரை வீதியில ஆளாளுக்கு வாசல் ரேழியைக்கூடத் தட்டி கட்டி மறைச்சு வாடகைக்கு விட்டுண்டிருந்தா. எங்காத்துக்காரருக்கும் ஆசை வந்துடுத்து. பசுவை வித்ததுலேர்ந்து பின்கட்டுல மாட்டுக்கொட்டில் சும்மாக் கிடந்தது. அதை இடிச்சுட்டு ஒரு போர்ஷன் கட்டலாம்னார்.

"கட்டறதுன்னா ஒழுங்காக் கட்டுங்கோ"ன்னேன். "குடித்தனக்காரா நம்ம கூடத்துல குறுக்க நடக்கறதும், நம்ம அடுப்புல என்ன தளிகைன்னு எட்டிப் பாக்கறதும் எனக்கு ஆகவே ஆகாது."

அதனால பின்சந்துல தனி வாசல், சின்னதா ஒரு கூடம், தளிகை உள்ளுன்னு சமைக்க ஒரு தனி அறை, கிணத்துல அந்தப் பக்கத்துக்குன்னு தனி ராட்டினம். எல்லாம் தனித்தனி. கொத்தனார் வள்ளிக்கண்ணுவை மேய்க்கற வேலையை என் நாத்தனார் வேதவதி தானா வந்து ஏத்துண்டா.

வேதா இவருக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி வருஷம் திரும்பறதுக்குள்ள அவ ஆம்படையான் உத்யோகம்னு பம்பாய்க்குப் போனான். அங்கேயே இன்னொருத்தியோட குடித்தனம் வெச்சுண்டுட்டான், கட்டையில போறவன். இவ டிரெயினிங் படிச்சு, பெண்கள் ஸ்கூல்ல டீச்சரானா. கார்த்தால எனக்கு முன்னாடி எழுந்து, தளிகையை முடிச்சுட்டுத்தான் ஸ்கூலுக்கு ஓடுவா. எனக்கு இது வேணும்னு வாய் திறந்து கேட்டது கிடையாது. கேட்டிருந்தா எனக்கும் சண்டை போட ஒரு ஆள் கிடைச்சிருக்கும்.

அப்பேர்ப்பட்டவ வள்ளிக்கண்ணுவைப் படுத்தின பாடு இருக்கே! ஜன்னலைத் திறந்தா கோபுரம் தெரியணுமாம். விளக்கு வைக்கற மாடப்பிறையை ரெண்டு தடவை இடிச்சுக் கட்டச் சொன்னா. "வாடகைக்கு விடுற எடத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு?"ன்னு வள்ளிக்கண்ணு தலையில அடிச்சுண்டார். "வர்றவாளும் மனுஷா தானே"ன்னு சிரிச்சா. அடுப்பை மட்டும் அவரைத் தொடவிடலை. மண்ணும் உமியும் பிசைஞ்சு, பெரிய அடுப்பும் அதை ஒட்டிப் பக்கவாட்டுல சின்னக் கொடியுமா, கொடியடுப்பைத் தானே உக்காந்து போட்டா. ஒரு வாரம் சாணி மெழுகி மெழுகிக் கண்ணாடி மாதிரி பண்ணிட்டா.

பங்குனி கடைசியில ரங்கம்மா மாமி போர்ஷன் பாக்க வந்தா. திருவல்லிக்கேணிக்காரா, அடுத்த வீதியில தம்பியாத்துல தங்கியிருந்தா. கூடம் பிடிச்சது, ராட்டினம் பிடிச்சது. தளிகை உள்ளுக்குப் போனவ, "ஐயையோ, இதென்ன!"ன்னு கத்தினா.

நானும் வேதாவும் ஓடினோம்.

"கொடி இடப்பக்கம் இருக்கே! வலது கையை எப்படி நீட்டிக் கிளறறது? எந்த மக்கு போட்டான் இதை? உடைச்சு மாத்திக் குடுத்துடுங்கோ, நாளைக்கே வந்துடறோம்."

வேதா முகம் செத்துப் போச்சு. "தப்பாயிடுத்து மாமி, இப்பவே மாத்திடறேன்"னு மூலையில சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தா. இடது கையால எடுத்தா.

எனக்கு அப்பத்தான் பொறி தட்டித்து. வேதாவுக்கு இடக்கைதான் வாக்கு. தளிகையுள்ள இடக்கையால கரண்டி பிடிக்கப்படாதுன்னு என் மாமியார் அதட்டி அதட்டி, வலக்கைக்கு மாத்தி வெச்சிருந்தார். இத்தனை வருஷமும் எங்க அடுப்புக்கு முன்னால ஒருக்களிச்சு உக்காந்துதான் இவ எங்களுக்கெல்லாம் சமைச்சுப் போட்டிருக்கா. இந்த அடுப்பை அவ யாருக்கும் போடலை. தனக்குன்னு போட்டிருக்கா.

"கடப்பாரையைக் கீழ போடுடி!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். "மாமி, மன்னிச்சுக்கோங்கோ. இந்தப் போர்ஷனுக்கு ஆள் வந்தாச்சு."

மாமி முணுமுணுத்துண்டே போனா. வேதா என்னையே பாத்துண்டு நின்னா. அப்புறம் தரையில உக்காந்து முழங்காலைக் கட்டிண்டு ஓன்னு அழுதா. அவ அழுது அன்னிக்குத்தான் பாத்தேன். நானும் பக்கத்துல உக்காந்துட்டேன்.

சாயங்காலம் இவர் குதிச்ச குதி! "கூடப் பிறந்தவளைத் தனியா வெச்சா, அண்ணன் சோறு போடலைன்னு ஊர் காறித் துப்பாதா?"

"துப்பறவாளை எங்கிட்ட அனுப்புங்கோ, நான் பேசிக்கறேன்"ன்னேன்.

வேதா கதவுப் பக்கம் நின்னுண்டு மெதுவாச் சொன்னா. "அண்ணா, எனக்கு இங்க ஒரு குறையும் இல்லை. ஆனா என் கையால ஒரு அடுப்பை மூட்டி, என் இஷ்டத்துக்குப் புளி கரைச்சு, மிளகு தட்டிப் போட்டு ஒரு சாத்தமுது வைக்கணும். செத்துப் போறதுக்குள்ள அது வேணும் அண்ணா. மத்தவா குடுக்கற வாடகையை நானும் குடுத்துடறேன்."

இவர் அங்கவஸ்திரத்தால கண்ணைத் துடைச்சுண்டு, "வாடகை எதுக்குடி"ன்னார்.

"வாங்கிண்டாத்தான் வருவேன்."

"சரி, உன் பிடிவாதம் யாருக்கு வரும்?"னு எழுந்து போய், பெருமாள் படம் ஒண்ணை எடுத்துண்டு வந்து அவ கையில குடுத்தார். சமைச்சதைப் பெருமாளுக்குக் காட்டாம எங்க மனுஷா சாப்பிட மாட்டாளே.

நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சினா. மறுநாள் கார்த்தால வாசல்ல யாரோ கூப்பிட்டா. எட்டிப் பாத்தா வேதா. பின்கட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. இவ பின்சந்து வழியாச் சுத்திண்டு, புதுப்புடவை கட்டி, கையில குங்குமச் சிமிழோட வாசப்படியில நிக்கறா.

"என்னடி கூத்து இது? உள்ள வா."

அவ வரலை. எனக்குக் குங்குமம் குடுத்துட்டு, கல்யாணத்துக்கு அழைக்கறாப்பல கை கூப்பினா.

"மன்னி, நீங்களும் அண்ணாவும் அவசியம் வரணும். இன்னிக்கு எங்காத்துல சாப்பாடு."