பெஞ்சடியில் ஒரு ஜோடி

"இதப் பாத்துக்க. இத விட்டுட்டு நான் எங்க போயிடப் போறேன்?" ரப்பர் செருப்பைக் கழற்றி, ஆஸ்பத்திரிக்குத் தான் கூட்டிவந்தவரின் காலருகே வைத்துவிட்டு, வெறுங்காலோடு சீட்டு வாங்கப் போகிறார் அக்கா. ஆஸ்பத்திரிக் காவலாளி முதற்கொண்டு எல்லோருக்கும் அவர் 'செருப்பக்கா'. "ஊர்ல எல்லாருக்கும் செருப்பு தேயும், உனக்கு மட்டும் கால் தேயுது" என்று கேலி செய்வார் தையல்காரக் கணவர்.

காலையில் பாலத்தடி. தோள்பையில், நோய் தொற்றாமலிருக்கப் பழையதுக்கு மாற்றாகக் கொடுக்கும் புது ஊசிகள், பஞ்சு, பழைய ஊசிகளைப் போட மூடி வைத்த டப்பா. போதை ஊசி போட்டுக்கொள்பவர்களிடம் அக்கா நலம் விசாரிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைத்தான் பார்ப்பார். "விட்டுடுன்னு சொல்ல வரலப்பா. அது உனக்கா தோணும்போது சொல்லு, கூட வரேன். இப்பப் புண்ணக் காட்டு."

செருப்புப் பழக்கம் ஒரு தவறில் தொடங்கியது. மூன்று மாதம் முன்பு ஒரு பெயின்டரைப் பெஞ்சில் உட்காரவைத்து, "இதோ வந்துட்டேன்" என்று போனவர் வரிசையில் மாட்டிக்கொண்டார். "இவனையெல்லாம் யாரு உள்ள விட்டது?" என்று யாரோ முகம் சுளிக்க, அக்காவும் கைகழுவிவிட்டதாக நினைத்து அவர் எழுந்து போய்விட்டார். தேடாத இடமில்லை, நேற்றுதான் அகப்பட்டார். அன்று காசளவு இருந்த புண், முழங்கைவரை வீங்கியிருந்தது. போனில் படத்தைப் பார்த்த நர்ஸ், "இன்னும் ரெண்டு நாள் விட்டா கையே மிஞ்சாது" என்றார். பிரஷ் பிடிக்கிற கை.

இன்று காலை அதே பெஞ்ச். "இந்தத் தடவையும் விட்டுட்டுப் போயிடுவீங்க, அதான?" என்றார் பெயின்டர். அக்கா செருப்பைக் கழற்றி அவர் காலருகே வைத்தார்.

வரிசை இன்றைக்கும் ஊர்ந்தது. சீட்டோடு திரும்பினால் பெஞ்ச் காலி. செருப்பும் இல்லை. வாசலுக்கு ஓடினார்.

"வெளிய எங்க ஓடுறீங்க? வீக்கத்தப் பாத்துட்டு நர்ஸம்மா உடனே உள்ள கூப்பிட்டாங்க. அவரும் எழுந்து போனாரு," என்றார் காவலாளி.

கட்டுப்போடும் அறையில் நர்ஸ் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார் பெயின்டர். நல்ல கையின் கக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

"பத்திரமா இருக்குக்கா," என்று நீட்டினார்.

"நீயே வெச்சிருப்பா. இன்னும் மாத்திரை வாங்கணும்," என்று செருப்பை அவர் கக்கத்திலேயே திரும்பச் செருகிவிட்டு, வெறுங்காலோடு மருந்து வரிசைக்கு நடந்தார்.