அம்மாதான் கழற்ற வேண்டும்

அறுபதுகளின் நடுவில், தாம்பரத்தில் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. இரண்டாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள், மழை பெய்தால் ஒழுகும் ஓட்டுக்கூரை. எனக்கு இருபத்திரண்டு வயது. மூக்கு மேல் கோபம். அந்த வகுப்பில் நான் சத்தம் போடாத நாள் எதுவென்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் சொல்ல வேண்டும்.

பெற்றோருக்குச் சேதி அனுப்ப அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சின்னச் சீட்டில் எழுதி, பிள்ளையின் சட்டையில் நெஞ்சுக்கு நேராக ஊக்கால் குத்தி அனுப்புவோம். கையில் கொடுத்தால் கப்பல் செய்துவிடுவார்கள், பையில் போட்டால் சாதத்தோடு ஊறிப்போகும். 'நாளை இருபது புளியங்கொட்டை கொண்டு வரவும்.' 'வெள்ளிக்கிழமை பள்ளி அரை நாள்.' 'அம்மை ஊசி போடுவார்கள், சாப்பிட வைத்து அனுப்பவும்.' மறுநாள் சீட்டு திரும்பி வர வேண்டும், பின்பக்கம் அம்மாவோ அப்பாவோ போட்ட கையெழுத்தோடு. எழுதத் தெரியாதவர்கள் கட்டை விரலை மையில் தோய்த்து வைப்பார்கள்.

ஊக்கைப் பிள்ளைகள் தாங்களே கழற்றினால் விரலில் குத்திக்கொள்வார்கள் என்று நான் ஒரு சட்டம் போட்டேன். சீட்டை வீட்டில் அம்மாதான் கழற்ற வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. அதைத் தினமும் சொல்லச் சொல்லிப் பழக்கினேன். "சீட்டை யார் கழற்ற வேண்டும்?" என்று கேட்டால் நாற்பத்திரண்டு பேரும் கூரை அதிரக் கத்துவார்கள்.

சீட்டு அம்மாவிடம் போவதற்கு முன்னால் வழியில் இருக்கும் மார்க்கெட்டே அதைப் படித்துவிடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்லப்போனால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. சிலேட்டுக் குச்சி விற்கும் கடைக்கார பாய், பிள்ளைகளை நிறுத்திச் சீட்டைப் படித்துவிட்டு, நாளைக்கு என்ன விற்கும் என்று தெரிந்துகொள்வார். "டீச்சரம்மா, கலர் பேப்பர் எழுதப் போறீங்கன்னா ஒரு வாரம் முந்தி சொல்லுங்க, பாரிமுனைக்குப் போய் வாங்கியாறணும்" என்பார்.

என் வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் குடிசை வரிசையில் வீடு. அம்மா சித்தாள். சிட்லபாக்கத்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீடுகளுக்குக் கலவை சுமக்கப் போவாள். அப்பா இல்லை. அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு முடி. விடிகாலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, சிவப்பு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டி அனுப்புவாள் அம்மா. மகளும் அந்தப் பின்னல் ஆட வேண்டும் என்பதற்காகவே தலையை ஆட்டி ஆட்டி வாய்ப்பாடு சொல்லுவாள்.

ஒரு நாள் மத்தியானம் அவள் சிலேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த ரிப்பன் மேல் ஒரு பேன் சாவகாசமாக நடந்து போயிற்று. அன்றைக்குப் பெரிய டீச்சரிடம் வேறு ஏதோ காரணத்துக்கு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். வந்த கோபத்தில் சீட்டை எழுதினேன். 'தலையில் பேன் இருக்கிறது. கவனிக்கவும்.' குத்தினேன். அனுப்பினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே வாரம் ஒரு ரயில்வே ஆபீசர் மகள் தலையிலும் பேன் பார்த்தேன். அவளுக்குச் சீட்டு எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவள் அம்மாவிடம் காதோடு காதாகச் சொன்னேன். இரண்டும் வேறு வேறு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் முதல் பெஞ்சில் அவள் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பாய் கடைக்கு வெளியே வந்து என்னை நிறுத்தினார். எப்போதும் இருக்கும் சிரிப்பு முகத்தில் இல்லை.

"டீச்சரம்மா, அந்தப் பொண்ணு சீட்டைக் குத்திக்கினு குஷியா வந்துச்சு. சீட்டு அதுக்குத் தலைகீழாத்தானே தெரியும்? படிக்கல. சைக்கிள் கடைப் பசங்க சத்தமா படிச்சு சிரிச்சானுங்க. அப்புறம் கையால மூடிக்கினே போச்சு. நான் கழட்டி விடறேம்மான்னு கூப்ட்டேன். அம்மாதான் கழட்டணும்னு டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லிட்டு ஓடிடுச்சு."

அப்படியே பள்ளிக்கூடம் போனேன். அன்றைக்கு முழுதும் யாரையும் அதட்டவில்லை. பிள்ளைகள் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் கேட்டைத் தாண்டி அவள் வீட்டைத் தேடிப் போனேன். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கையில் காய்ந்த சிமெண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது பெரியவளாக இருப்பாள். ஒரு சாக்கை உதறி வாசலில் போட்டு, "உக்காரு டீச்சரம்மா" என்றாள். திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் அப்படி எழுதினது தப்புதாம்மா" என்றேன்.

"பேன் கீதுன்னுதானே எழுதினே. பொய்யா எழுதினே? நான் வேலை முட்சி வர்ற வரைக்கும் அதைக் கழட்டாம குத்திக்கினே குந்தியிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து வூட்ல கேட்டேன். அதுக்குள்ள ஊரே படிச்சிடுச்சு. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு கடைசியா எனக்கு சொன்னே பாரு, அதான் டீச்சரம்மா எனக்கு ஆறல."

விடிந்ததும் முதல் வேலையாகப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய் மொட்டை அடித்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. கதவு மறைப்புக்குப் பின்னாலிருந்து துண்டு போர்த்திய ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்து, உடனே உள்ளே போயிற்று.

என் கை தானாகத் தலைக்குப் போயிற்று. இரண்டு நாளாகவே அரிப்பு. வெயில் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு பேன்சீப்போடு வந்தாள்.

"திரும்பு" என்றாள்.

நான் திரும்பி உட்கார்ந்தேன். கொண்டையை அவிழ்த்து, வகிடு எடுத்து, ஒரு பழைய துணியை மடியில் விரித்து வாரத் தொடங்கினாள். நகத்துக்கும் நகத்துக்கும் நடுவே நசுங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. நாற்பத்திரண்டு பேரின் தலையும் ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும் வகுப்பில், யாருடையது யாருக்கு வந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது. அவள் வாரிக்கொண்டே இருந்தாள், நான் வகுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உங்கள் பெண் புளியங்கொட்டையை அறுபது வரை தப்பில்லாமல் எண்ணுவாள் என்று சொன்னேன். பாட்டு வகுப்பில் எல்லாரையும்விடச் சத்தமாக, எல்லாரையும்விடச் சுருதி தப்பிப் பாடுவாள் என்று சொன்னேன். மழை வந்தால் ஒழுகும் இடத்தில் வாளியைக் கொண்டுபோய் வைப்பது அவள்தான், யாரும் சொல்லவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்ட வேலை என்று சொன்னேன்.

சீப்பு நின்றது.

"இதையெல்லாம் ஏன் சீட்டுல எழுதல?" என்றாள்.

அவள் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

அதற்குள் சின்னத் தலை வெளியே வந்துவிட்டது. துண்டு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. அம்மாவின் மடித்துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினிம்மா?"

"பதினொண்ணு."

"டீச்சருக்குப் பதினொண்ணா!" அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது.

"நாளைக்கு ஸ்கூலுக்கு வர்றியா?" என்றேன்.

யோசித்தாள். "நீங்க சீட்டு குத்திக்கினு போனாத்தான் வருவேன்."

அம்மா அதட்டினாள். நான் வேண்டாம் என்று தடுத்தேன். அந்தப் பெண் சிமெண்ட் பை காகிதத்தில் ஒரு துண்டு கிழித்தாள். நான் எழுதிய சீட்டை எங்கிருந்தோ எடுத்து எதிரே வைத்துக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டி, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினாள். 'டீச்சர்' என்பதை மட்டும் தானாகவே முன்னால் சேர்த்துக்கொண்டாள். 'டீச்சர் தலையில் பேன் இருக்கிறது. கவனிக்கவும்.' பிறகு என்னுடைய ஊக்காலேயே என் புடவைத் தலைப்பில், தோளுக்குக் கொஞ்சம் கீழே குத்தினாள்.

"உங்கம்மாதான் கழட்டணும்" என்றாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அன்றைக்கு வந்த கூட்ஸ் வண்டியைப் போல நீளமான வண்டியை நான் பார்த்ததே இல்லை. இரண்டு பக்கமும் சைக்கிள், மாட்டு வண்டி, ஆபீஸ் விட்டு வரும் ஜனம். எல்லாருக்கும் படிக்க நேரம் இருந்தது. ஒருமுறை கையால் மூடிக்கொண்டேன். அவளும் இப்படித்தானே மூடியிருப்பாள் என்று தோன்றியதும் கையை எடுத்துவிட்டேன். சைக்கிள் கடைப் பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள், ஆனால் டீச்சர் என்பதால் சத்தமாகப் படிக்கவில்லை. ஏழு வயதுப் பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பாய் மட்டும் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். "நல்ல சீப்பு ஒண்ணு தரட்டுமா டீச்சரம்மா?" என்றார். மூன்று நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

வீட்டில் கதவைத் திறந்த என் அம்மா இரண்டு தடவை படித்தாள். அவளும் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்தான். "யார் எழுதினது? 'ற'கரம் நல்லா வந்திருக்கே" என்றாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் ஊக்கைக் கழற்றினாள். என்னைத் திட்டுவதை ராத்திரிச் சாப்பாடு வரை தள்ளிப்போட்டுவிட்டு, சீட்டின் பின்பக்கம் 'கவனிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாள்.

காலையில் நான் போவதற்கு முன்பே அவள் முதல் பெஞ்சில் இருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம். எழுந்து வந்து கையை நீட்டினாள். சீட்டைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்து, என் அம்மாவின் கையெழுத்தின் மேல் விரலை வைத்துச் சரிபார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் எல்லாருக்கும் வழக்கமான சீட்டைக் குத்திவிட்டு, அவளுக்கு மட்டும் தனியாக ஒரு சீட்டு எழுதினேன். 'மழை நாளில் வகுப்பு நனையாமல் வாளி வைத்துக் காப்பாற்றுவது உங்கள் மகள்.' குத்தும் முன் அவளுக்குப் படித்துக் காட்டினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினாள். சைக்கிள் கடையில் அவளே போய் நின்று, படிக்கும் வரை நகரவில்லை என்று பாய் பிறகு சொன்னார்.

மறுநாள் எல்லாருடைய சீட்டும் திரும்பி வந்தது. அவளுடையது மட்டும் வரவில்லை.

"சீட்டு எங்கே?" என்றேன்.

"அம்மா தரமாட்டேன்னுடுச்சு டீச்சர்."

நான் அப்புறம் அதைக் கேட்கவில்லை.