குடல் ஒட்டிக்கொண்ட வலி

தொண்ணூறுகளின் கடைசியில், நாங்கள் சேலையூரில் குடியிருந்தபோது எனக்குக் கருப்பையில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நோய் போய்விட்டது. ஆனால் சில மாதங்களில், சாப்பிட்டாலே வயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி ஆரம்பித்தது.

கணவரிடம் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"கேன்சர் போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. இன்னும் என்ன? எல்லாம் உன் மனப்பிரமை" என்றார். தன் அக்காவிடம், "வேலை செய்யாம இருக்க ஒரு சாக்கு" என்று சொன்னதுகூட என் காதில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போய்வந்தேன்.

ஒருநாள் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தேன். பூ விற்கும் அம்மா ஒருவர்தான் என்னைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார்.

"இம்மாம் வலிய வெச்சிகினு இன்னாத்துக்குமா வூட்ட வுட்டு வந்தே?" என்றார்.

குடல் அடைத்திருந்ததால் அன்றே மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். நான் கண் விழித்தபோது டாக்டரம்மா என் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கேன்சர் இல்ல சார். பழைய ஆபரேஷன் தழும்போட குடல் ஒட்டிக்கிட்டிருந்தது. பிரிச்சுவிட்டு, மறுபடி ஒட்டாம இருக்க நடுவுல மெல்லிசா ஒரு ஷீட் வெச்சிருக்கேன். தானா கரைஞ்சிடும். புதுசா வந்திருக்கு, முழு கேரண்டி சொல்ல முடியாது. ஆமா, இத்தனை நாள் ஏன் கூட்டிட்டு வரல?"

"அவ சொல்லவே இல்ல டாக்டர்" என்றார் என் கணவர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த வலி பிறகு வரவில்லை. ஆனால் அவர் சொன்ன பொய்யை நான் உண்மையாக்கிவிட்டேன். இன்றுவரை, தலைவலி என்றால்கூட அவரிடம் சொல்வதில்லை.