பத்து நாள் வெயிலும் ஒரு கருவாட்டுத் தட்டும்

பயிற்சி நிலையத்தின் பதிவு மேசையில் இருப்பவளுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: "இது பிரயோசனமோ?" என்று கேட்பவர்களுக்கு "ஓம்" சொல்வது. நான் படித்த பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த மாதங்களில், திருகோணமலைத் துறைமுகத்தடியில், 'பத்தே நாளில் வடிவமைத்துக் கட்டுவோம்' என்ற பாடநெறிக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ரோல்ஸ் சாப்பிட்டு, பிளேன்டீ குடித்து, சான்றிதழை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கும் என் சக பாதிக்கப்பட்டவர்களே, கேளுங்கள்.

சல்லியிலிருந்து ஒரு கேள்வி

சல்லிக் கடற்கரைக் கிராமத்தில் கருவாடு போடும் வசந்தியக்கா வந்தார். மணலில் காயப்போட்டால் பாதி நாய்க்கு, பாதி மணலுக்கு. இடுப்புயரத்தில் கால் வைத்த ஒரு தட்டுக் கட்டப் பழகவேண்டும், அவ்வளவுதான். ஆனால் இங்கே வந்தால் பத்து நாள் வெயில் போய்விடும், அடுத்தது மழைக்காலம். விவாத மேடையில் தோற்றறியாத நான் விடுவேனா? நாங்கள் கட்டப்போவதே கருவாட்டுத் தட்டுத்தான் என்று அரை மணித்தியாலம் வாதாடினேன்.

"சரி தங்கச்சி, உம்மட வாயை நம்பி வாறன். தட்டு வராட்டி நீர்தான் வந்து நாய் கலைக்கவேணும்."

முந்திவந்த சான்றிதழ்

முதல் நாள் காலை ஆளுக்கொரு சுத்தியலைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள்; உடனே சுத்தியலைத் திரும்ப வாங்கினார்கள். 'வெற்றிகரமாக நிறைவுசெய்தார்' என்ற சான்றிதழ்களில் பெயர் எழுதும் வேலை எனக்கு. ஓர் ஆணிகூட இன்னும் இறங்கவில்லையே சேர் என்று பயிற்றுவிப்பாளரிடம் பாய்ந்தேன்.

"ஆணி அடிச்சாப் பிறகு விரலில கட்டோட நிப்பினம், பிள்ளை. இப்ப குடுத்தாத்தான் சான்றிதழோட படம் வடிவு."

பின்வரிசையில் ஒருவர்

பதிவு முடிந்ததால் நானும் வகுப்பில் போய் இருந்தேன். ஐந்தாம் நாள் வரை பெரிய டிமைத் தாளில் கலர் மார்க்கரால் 'கனவுத் தட்டு' வரைந்தோம். ஆறாம் நாள்தான் மரம் வந்தது. சேர் பூட்டிக் காட்டிய கால் ஆடியது. பின்வரிசையில் இருந்த கிண்ணியா ரிஸ்வான் நானா எழும்பி வந்து, ஒரு மரச் சீவலைச் செருகிவிட்டுத் திரும்பப் போய் இருந்தார். ஆட்டம் நின்றது. விசாரித்தால், மனுசன் இருபது வருசத் தச்சன்! பிறகேன் இங்கே வந்து கனவுத் தட்டு வரைகிறீர்கள் என்று கத்தியே விட்டேன்.

"எனக்குத் தச்சுவேல தெரியுமெண்டு கிண்ணியாக்கே தெரியும் புள்ள. கட்டார் நாட்டில வேலைக்குப் போகக் கடதாசியெல்லோ காட்டணும்."

இடியப்ப உரல்

வந்த பலகை முழுக்கப் பழைய ஓட்டைகள். "இது பலகையோ, இடியப்ப உரலோ?" என்று வசந்தியக்கா கேட்டபோது நானும் சிரித்தேன். சேர் பூட்ட, மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒன்பதாம் நாள் தட்டு எழும்பி நின்றது. அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

பத்தாம் நாள் சேர் எல்லார் கையிலும் ஸ்குரூ டிரைவரைத் தந்தார். கழற்றவாம்! திங்கட்கிழமை வரும் அடுத்த அணிக்கும் இதே மரம்தானாம்! அக்காவின் பத்து நாள் வெயிலும் ஒன்றாக என் தலையில் விழுந்தது. ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தேன்.

"இந்தப் பலகையை இப்ப ஏழாந் தரம் கழட்டுறம். அதுக்கே கோபம் வரேல்லை, உமக்கேன் பிள்ளை வருது?"

தடியும் கையுமாக

நான் வாதாடி முடித்துத் திரும்பினால், தட்டு இல்லை, அக்காவும் இல்லை. ஒருவரையும் கிட்ட விடாமல் தனியாகவே கழற்றி அடுக்கிவிட்டுப் போய்விட்டாராம்.

வாக்குக் கொடுத்தவள் அல்லவா? அடுத்த வாரம், நாய் கலைக்க ஒரு தடியோடு சல்லிக்குப் போனேன். உடைந்த வள்ளத்துப் பலகையில் இடுப்புயரத் தட்டு! மேலே சாளை காய்ந்தது; கீழே நிழலில் நாய் நித்திரை. தட்டின் காலில் ஒரு வலைநூல் தொங்கியது. கழற்றிய ஒவ்வொரு பலகையின் நீளத்துக்கும் அதில் ஒரு முடிச்சு.

"கட்டேக்க சேர் கட்டினார், நாங்கள் பாத்தனாங்கள். கழட்டேக்கதான் தங்கச்சி, ஒவ்வொரு ஸ்குரூ ஆணியும் என்ர கைக்கு வந்தது."

அதற்குப் பிறகு பாடநெறி பிரயோசனமோ என்று கேட்ட எல்லாரிடமும் "ஓம், பத்தாம் நாள் மட்டும் வாருங்கள்" என்று சொல்லத் தொடங்கினேன். அந்த மேசையில் இப்போது வேறொருவர் இருக்கிறார்.