நாலு மணிக்கு வரலாமா, மாமி

மூன்று வருடம் வெளிநாட்டில் படித்துவிட்டுக் எங்கள் ஊர் கல்லடிக்குத் திரும்பி வந்த முதல் கிழமையில் நான் விட்ட பிழைகளில் பெரியது ஒரு போன் அழைப்பு. மாமிக்கு, அதாவது என் தாய்மாமனின் மனைவிக்கு, எடுத்து, "சனிக்கிழமை நாலு மணிக்கு வரலாமா மாமி, உங்களுக்கு வசதிப்படுமா?" என்று கேட்டேன். அவர், "வா புள்ள" என்று மட்டும் சொன்னார்.

படித்த ஊரில் பக்கத்து அறைக்காரியிடம் உப்புக் கேட்கவே மெசேஜ் போட்டுவிட்டுத்தான் கதவைத் தட்டுவேன். முதலில் எரிச்சலாக இருந்த பழக்கம், எப்போது எனக்கே ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை. நான் மாமிக்குப் போன் எடுத்ததை அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார். "மாமிர வீட்ட போக நேரம் கேட்டியா? நீ கலியாணக் கார்ட்டோட வாறாய் எண்டு நினைக்கப்போறா."

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். நாளும் நேரமும் சொல்லிக்கொண்டு போவது நல்லது கெட்டது சொல்ல மட்டும். மற்றபடி படலையைத் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டியதுதான். அதிலும் இது பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே ஓடிப்போய்ச் சோறு தின்ற வீடு. அம்மா வேலையால் வரும்வரை என்னை வைத்திருந்தவர் மாமி. அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

அம்மாவிடம் நான் மறைத்த விசயம் ஒன்று இருந்தது. படித்த இடத்திலேயே எனக்கு வேலை கிடைத்து, கையெழுத்தும் வைத்துவிட்டேன். திரும்பிப் போகப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லப் பயம். மாமியிடம் முதலில் சொன்னால் அவர் அம்மாவைச் சமாளிப்பார் என்று நினைத்தேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

சனிக்கிழமை போனால், மாமி மடிப்புக் கலையாத சேலையோடு வாசலில் நிற்கிறார். கதிரைகளுக்குப் புது உறை. கண்ணாடி அலுமாரியை விட்டு ஒருநாளும் இறங்காத கிளாசில் சோடா. கேக் துண்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார். நானும் நல்ல பிள்ளையாக முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

"அங்க குளிர் கூடவோ?"

"ஓம் மாமி, கொஞ்சம்."

"சாப்பாடு?"

"பரவாயில்ல."

இந்த மனுசியின் மடியில் தலை வைத்துப் பேன் பார்க்கவிட்டவள் நான்.

"மாமி, நான் கலியாணம் ஒண்டும் சொல்ல வரல்ல" என்றேன் பகிடியாக.

அவர் சிரிக்கவில்லை. "தெரியும். ஆனா என்னமோ சொல்ல வாறாய். இந்த வீட்டுக்கு நீ கேட்டுட்டு வாறதெண்டா வேற என்ன? நீ போன் எடுத்ததில இருந்து எனக்கு அந்த யோசினதான். திரும்பிப் போகப்போறியா?"

"ஓம் மாமி. வேல கிடைச்சிருக்கு."

"எத்தின வருசத்துக்கு?"

"தெரியா."

மாமி தலையாட்டினார். "அப்ப நீ கேட்டுட்டு வந்தது சரிதான்."

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கதிரையை விட்டு இறங்கி அவர் காலடியில் குந்தியிருந்து அழுதேன். சேலை கசங்குகிறதே என்றுகூட அவர் பார்க்கவில்லை.

"அழாத. கொம்மாட்ட நீதான் சொல்லோணும். நான் பக்கத்தில இருக்கன்."

சொன்னபடியே எங்கள் வீட்டுக்கு வந்து பக்கத்தில் இருந்தார். நான் சொல்லி முடித்ததும் அம்மா அழவில்லை. "நல்ல வேலையா புள்ள?" என்று கேட்டார். மாமிதான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினார். அவரைச் சமாளிக்க அம்மாவுக்குப் பொழுதுபட்டுவிட்டது.